யானையும் கிழவனும் அண்ணன் தம்பி

பகலில் ஜெராக்ஸ் கடை, திருவிழாக் காலத்தில் ராத்திரி பபூன் வேஷம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு ஊரில் என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. கடையில் மனு எழுதுவது, ரீசார்ஜ், ரயில் டிக்கெட். பங்குனி பிறந்துவிட்டால் ஸ்பெஷல் நாடகம். அடுத்தவராக நடிப்பது எப்படி என்பது ராத்திரி வேலையில் தெரிந்தது. அதே நடிப்பை நம்பிப் பணத்தை விட்டவர்கள் பகலில் புகார் மனு அடிக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் ஒத்திகை கிடையாது, டைரக்டரும் கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் புதுக்கோட்டையில் இருந்து வருவார், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் மதுரையில் இருந்து வருவார், ஆர்மோனியக்காரர் தேவகோட்டைக்காரராக இருப்பார். பல நாள் கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்போம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் நாடகம். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். மற்றதெல்லாம் மேடையில் அந்த நேரத்தில் வருவதுதான்.

அப்படியானால், வந்தவர் நிஜமாகவே ராஜபார்ட்தானா என்று எப்படித் தெரியும்? ஒரு தடவை வர வேண்டியவர் உடம்புக்கு முடியாமல் போக, அவருடைய சிஷ்யன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். சில்க் ஜிப்பா, கையில் கிரீடப் பெட்டி, வாத்தியாருக்கு விழுந்து கும்பிடு. அசல் நாடகக்காரர் மாதிரியே இருந்தார். ஆர்மோனியக்காரர் எதுவும் கேட்கவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சும்மா சுருதி பார்ப்பதுபோல ஒரு பாட்டின் முன்னெடுப்பை வாசித்தார். கட்டையை, அதாவது சுருதியை, கொஞ்சம் ஏற்றி வாசித்தார். உண்மையான ராஜபார்ட்டாக இருந்தால் வாய் தானாக முணுமுணுக்கும், இல்லாவிட்டால் "என்னண்ணே, அரைக்கட்டை ஏறுது" என்றாவது கேட்பார். இவர் சிரித்துக்கொண்டே மீசையை ஒட்டிக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அன்றைக்கு வள்ளி திருமணம் நாடகத்தில் நாரதர் வேஷக்காரரே முருகனையும் சேர்த்துப் பார்த்தார், அது தனிக் கதை.

அந்த ஆர்மோனியக்காரரிடம் நான் படித்த பாடம் இதுதான். "நீ யார்?" என்று கேட்டால் ஒருவன் தயாராக வைத்திருக்கும் பதிலைத்தான் சொல்லுவான். அவன் தயார் செய்யாத இடத்தில் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் அவன் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி எங்கள் நாடகக்காரர்கள் ஒன்று சொல்வார்கள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். நாங்கள் இன்றைக்கும் வாயில் போட்டு வாழ்கிற பாட்டெல்லாம் அவர் எழுதியது. இளம் வயதில் அவர் சனீஸ்வரன் வேஷம் கட்டுவார். ஒரு நாள் நாடகம் முடிந்த விடியற்காலையில் வேஷத்தைக் கலைக்க நீர்த்துறைக்குப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் அங்கே வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரை விட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு சுவாமிகள் வேஷம் கட்டுவதையே நிறுத்திவிட்டு எழுதுவதும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுமாக இருந்துவிட்டார் என்பார்கள். முந்தின ராத்திரி அதே வேஷத்தை நூற்றுக்கணக்கான பேர் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு அது நாடகம் என்று தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. நான் மேடையில் போலீஸ்காரன் தொப்பி போட்டு நின்றால் யாரும் ஏமாறவில்லை, யாரும் எதையும் இழக்கவில்லை. அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏமாற்றிக் காசு பிடுங்கினால் அது ஆள்மாறாட்ட மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 319-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. அரசு ஊழியராக நடிப்பதற்குத் தனியாக 204-ஆம் பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர், போன் வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி சேர்ந்துகொள்ளும். நடிக்கப்பட்ட ஆள் நிஜமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; கற்பனை ஆளாக நடித்து ஏமாற்றினாலும் குற்றம்தான்.

சரி, ஆச்சி கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பெரிய வீடுகளில் ஒன்று பூட்டு தொங்கும், இல்லையென்றால் வயதான ஒருவர் தனியாக இருப்பார். இந்த ஆச்சிக்கு எழுபதைத் தாண்டிய வயது. மகன் சிங்கப்பூர், மகள் சென்னை. ஒரு நாள் மத்தியானம், அந்த வீட்டில் வேலை பார்க்கும் பெண் கடைக்கு ஓடி வந்து, "அண்ணே, ஆச்சி போனுக்கு நெட் போட்டு விடுங்க, சீக்கிரம்" என்றாள். காசை நீட்டிய கை நடுங்கியது. "என்னம்மா அவசரம்?" என்றேன்.

"காலையிலேருந்து போலீஸ்காரங்க வீடியோவுல பேசிக்கிட்டே இருக்காங்க. போன் கட் ஆனா அரெஸ்ட்டாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்கண்ணே."

ரீசார்ஜ் போடவில்லை. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவளோடு நடந்தேன்.

முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவு என்கிற உள்முற்றத்தில் யாரும் இல்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து இரண்டடிச் சுவர். அறைக்குள் சிக்னல் எடுக்காது. அதனால் ஆச்சி பட்டாலைத் தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். செம்பு நிறையத் தண்ணீர் அப்படியே பக்கத்தில் இருந்தது. குடிக்கக்கூட இல்லை. எதிரே ஒரு பித்தளை அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். படம் வருவதும் நிற்பதுமாக இருந்தது.

நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். தொழில் புத்தி, உடனே வேஷத்தைத்தான் பார்த்தது. காக்கிச் சட்டை புதுசு, மடிப்புக் கலையவில்லை. தோளில் பட்டை நேராக இல்லை. பின்னால் கொடி, சிங்க முத்திரை, ஒரு பீரோ. வயர்லெஸ் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் நாடகத்தில் ஆல்ரவுண்ட் வாசிப்பவர் இடிச் சத்தம், குதிரைச் சத்தம் எல்லாம் கொடுப்பார். அவராவது ஒவ்வொரு தடவையும் மாற்றி வாசிப்பார். இங்கே அதே இரைச்சல், அதே "ஓவர், ஓவர்", கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தது. பேசுகிறவரின் கண் ஆச்சியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் எதையோ பார்த்துப் படித்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆள் நல்ல நடிகன். ஆச்சி மூச்சு வாங்கும் இடம் பார்த்துத்தான் அடுத்த கேள்வி போட்டான். பதில் முழுதாக வருவதற்குள் குறுக்கே விழுந்தான். எதிராளிக்கு யோசிக்க இடம் கொடுக்காமல் வசனம் போடுவது, மேடையில் இருவர் வாதம் செய்யும் தர்க்கத்தில் பெரிய வித்தை. நான் அதைக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்காயிற்று.

கதை வழக்கமானதுதான். உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் யாரோ பார்சல் அனுப்பியிருக்கிறார்கள், அதில் போதைப்பொருள், உங்கள் பேரில் இருக்கும் கணக்கில் கள்ளப் பணம். வெளிநாட்டில் மகன் இருக்கிற வீட்டில் பார்சல் என்ற பேச்சு சந்தேகம் தராது. முதலில் ஒருவன் கத்தியிருக்கிறான். இப்போதே ஜீப் வரும், கையில் விலங்கு போட்டு ஊர் பார்க்கக் கூட்டிப்போவோம் என்று. அப்புறம் "மேலதிகாரி" என்று இன்னொருவன் வந்திருக்கிறான். நல்ல தமிழ், மெதுவான பேச்சு. "அம்மா, உங்களைப் பார்த்தா எங்க அம்மா மாதிரி இருக்கு. நீங்க குற்றம் செய்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். பணத்தை மட்டும் சரிபார்த்துட்டு நானே திருப்பி அனுப்பிடுறேன்."

அதைக் கேட்டதும் எனக்கு வள்ளி திருமணம்தான் ஞாபகம் வந்தது. முருகன் கிழவனாக வருவார். தினைமாவும் தேனும் கேட்பார், தண்ணீர் கேட்பார், வள்ளி மசிய மாட்டாள். அப்போது அண்ணன் விநாயகரை நினைப்பார். அவர் யானையாக வந்து பிளிறுவார். வள்ளி பயந்துபோய் ஓடிவந்து யாரைக் கட்டிக்கொள்வாள்? அந்தக் கிழவனைத்தான். யானை இல்லாவிட்டால் கிழவனை நம்ப வள்ளிக்கு ஒரு காரணமும் இல்லை. விரட்டுகிறவனும் காப்பாற்றுகிறவனும் அண்ணன் தம்பி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஊருக்கு இது தெரியும், அதனால் சிரிக்கிறது. மேடையில் நிற்கிற வள்ளி ஒருத்திக்குத்தான் தெரியாது.

ஆகவே இந்த மாதிரி அழைப்பில் கத்துகிறவனைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அவனுக்குப் பிறகு வருகிற நல்லவனைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ஆச்சி 40,000 ரூபாயை அனுப்பியதும் அந்த நல்லவன் பேச்சைக் கேட்டுத்தான். மிச்சம் டெபாசிட்டில் இருந்தது. மறுநாள் வங்கிக்குப் போய் முறிக்க வேண்டும், கேட்டால் வீட்டு மராமத்துக்கு என்று சொல்ல வேண்டும் என்று அதற்கும் வசனம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

யாரிடமும் சொல்லாதே என்பதுதான் இந்த நாடகத்தின் முதல் ஏற்பாடு. பார்வையாளர் இருந்தால் இது நடக்காது. பபூன் நான் மேடையில் இருக்கும்போது முதல் வரிசைச் சிறுவன்கூட "பொய் சொல்றான்" என்று கத்துவான். அவர்கள் செய்வது அந்த முதல் வரிசையை வெளியே அனுப்பிவிட்டுத் திரை தூக்குவது. அதனால் யாராக இருந்தாலும், எந்தக் காரணம் சொன்னாலும், "வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்" என்ற பேச்சு வந்துவிட்டால் அங்கேயே இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போதும், வேலைக்காரப் பெண் போதும். வருகிறவர் விவரமானவராக இருக்க வேண்டும் என்பதில்லை, வெளியில் இருந்து வந்தவராக இருந்தால் போதும். அன்றைக்கு ஆச்சியைக் காப்பாற்றியது நான் இல்லை. நெட் போடச் சொன்னதோடு நிற்காமல் விஷயத்தையும் சொன்ன அந்தப் பெண்தான்.

நான் படத்துக்குள் தலையை நீட்டி, "சார், வணக்கம். காரைக்குடியில் எந்த ஸ்டேஷனுக்கு அம்மாவைக் கூட்டிவரணும்? பேரு சொன்னீங்கன்னா இப்பவே ஆட்டோவில் வந்துடுறோம்" என்றேன். அவன் தயாரிப்பில் அந்த அடி இல்லை. ஒரு நொடி வாய் திறந்தபடியே இருந்தான். பிறகு ரகசிய விசாரணையில் குறுக்கிட்டதாக என் மேலும் வழக்கு என்று கத்தினான். போனை அணைத்தேன்.

நினைத்ததற்கு மாறாக, கஷ்டமான பகுதி இதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ தம்பி, கட் பண்ணிட்டியே, இப்ப வந்துருவாங்களே" என்று அழ ஆரம்பித்தார். வேஷம் போனதும் பயம் போய்விடும் என்று நினைத்தால் தப்பு. மணிக்கணக்காக அந்தக் கதைக்குள் இருந்தவர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வர மாட்டார். "எப்படி ஆச்சி நம்புனீங்க?" என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் அடுத்த தடவை போன் வரும்போது நம்மிடம் சொல்லவே மாட்டார்கள். முதலில் தண்ணீர் குடிக்க வைத்தோம். சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்க வைத்தோம். பிறகுதான் 1930.

1930 என்பது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் போனால் முதல் வேலை இதுதான். ஸ்டேஷனுக்குப் போவது, வங்கிக்குப் போவது எல்லாம் அப்புறம். பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு வேகமாகத் தாவிக்கொண்டே இருக்கும்; அது வெளியே எடுக்கப்படுவதற்குள் சொன்னால் வழியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் வேலை சுருக்கமாக முடியும். ஆச்சி பணத்தில் ஒரு பகுதி முடக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. கைக்கு இன்னும் வரவில்லை. டெபாசிட் தப்பித்தது.

இப்படி வீடியோவிலேயே பிடித்து வைப்பதற்கு "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். அப்படி நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இதை எல்லாம் என் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். படிப்பவர்கள் குறைவு. பயந்துபோனவருக்குச் சட்டம் ஞாபகம் வராது என்பதும் உண்மை. அதனால்தான் சட்டத்தைவிடப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதை நான் பெரிதாகச் சொல்கிறேன்.

எல்லா ஆச்சிமாரும் மாட்டுவதில்லை. இன்னொரு தெருவில் ஒரு ஆச்சிக்கு மலேசியாவில் இருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்தான். "உங்க பங்காளி வீட்டுப் பிள்ளைதான் ஆச்சி, இங்க ஏர்போர்ட்டுல மாட்டிக்கிட்டேன்" என்றானாம். ஆச்சி பதறவே இல்லை. "அப்படியா அப்பச்சி, நீங்க எந்தக் கோயிலு?" என்று கேட்டிருக்கிறார். நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்களுக்குக் குலம் பிரிக்கும் கோயில் ஒன்பது; ஒரே கோயில் என்றால்தான் பங்காளி. அவன் கூகுளில் பார்த்தானோ என்னமோ, பிள்ளையார்பட்டி என்றான். ஆச்சி வீடு இளையாத்தங்குடி. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "சந்தோஷம், உங்க ஆயா வீடு எந்த ஊரு? வீட்டு விலாசம் என்ன? உங்க அப்பத்தா இருக்காகளா?" என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டே போனாராம். அவனே வைத்துவிட்டான். என் ஆர்மோனியக்காரர் செய்த அதே வேலை. கட்டையை ஏற்றி வாசித்துப் பார்த்தார்.

இந்தப் பரீட்சையிலும் இப்போது ஓட்டை விழுந்துவிட்டது. கோயில், பிரிவு, விலாசம், ஆயா வீடு எல்லாம் கல்யாணப் பத்திரிகையிலேயே இருக்கிறது. பத்திரிகை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. குரலையும் நம்ப முடியாது. சமூக ஊடகத்தில் கிடக்கும் சின்ன வீடியோவில் இருந்து பேரன் குரலைச் செய்துவிடுகிறார்கள். அதனால் அச்சில் வராத கேள்வியாகக் கேளுங்கள். போன தடவை வந்தபோது எந்தப் பண்டத்தைச் சாப்பிடாமல் வைத்தாய், சின்ன வயதில் யார் மடியில் இருந்து விழுந்தாய் என்பது மாதிரி. சில வீடுகளில் அவசரத்துக்கென்று ஒரு சொல் பேசி வைத்திருக்கிறார்கள். நான் இதற்கு ஒரு சின்ன யோசனை சொல்வதுண்டு: அந்தச் சொல்லைப் போனிலோ மெசேஜிலோ சொல்லிக்கொள்ளாமல், பொங்கலுக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ எல்லாரும் ஊருக்கு வரும்போது நேரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கேட்க ஒரு கேள்விகூடத் தோன்றாவிட்டால், வைத்துவிட்டு நமக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய நம்பருக்கு நாமே கூப்பிட்டால் போதும்.

சினிமா மேனேஜர் என்று வருகிறவர்களும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் ஷூட்டிங் நடப்பது ஊரறிந்தது என்பதால் இந்த வேஷம் இங்கே நன்றாக எடுபடும். வீட்டைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போய், அட்வான்ஸ் போடுகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. போடச் சொன்னால் போவது நம் பணம்.

இந்த வருஷத் திருவிழாவில் என் பபூன் பகுதியில் காக்கிச் சட்டைக்காரனைச் சேர்த்துவிட்டேன். ஆச்சியிடம் கேட்டுத்தான் செய்தேன். "என்னைய மாதிரிப் பேசிக் காட்டாதே" என்று மட்டும் சொன்னார், அதை மீறவில்லை. ஆல்ரவுண்ட் அண்ணன் வயர்லெஸ் இரைச்சலைப் பிரமாதமாகப் பிடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்ததில் ராஜபார்ட் கொஞ்ச நேரம் திரைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் கடை திறந்ததும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே ஏமாந்தாயிற்று, மாதக்கணக்காகிவிட்டது, வீட்டில்கூடச் சொல்லவில்லை, இனிமேல் புகார் எடுப்பார்களா என்று கேட்டார். எடுப்பார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்யலாம். பணம் திரும்புவது நாளாக நாளாகக் கஷ்டம்தான், ஆனால் அந்தக் கணக்கும் நம்பரும் பதிவாகும். பணம் போகாமல் சந்தேகப்படும்படி அழைப்பு மட்டும் வந்திருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் சொல்லலாம்.

அவரிடம் போனைக் கேட்டேன். அந்த ஆள் அனுப்பிய வாரண்ட், பேசிய நேரம், நம்பர், எல்லாவற்றையும் வெட்கப்பட்டு அன்றைக்கே அழித்திருந்தார். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். அழித்துவிட்டால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அப்படித்தான் ஆரம்பித்தோம், வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.